80 எப்படி 4 ஆனது? ஒரு லேப் ரிப்போர்ட்டின் 350 வருஷக் கதை



வழக்கமான ஞாயிற்றுக்கிழமை வரலாற்றுப் பதிவுதான். கொஞ்சம் நீளம். டீயை எடுத்து வைத்துக்கொண்டு உட்காருங்கள்.

எடுத்துக்கொண்ட விஷயத்தைப் பார்த்துச் சிலர் முகம் சுளிக்கலாம். விந்தணுவின் வடிவம் பற்றிய வரலாறு இது. எட்டாம் வகுப்பு அறிவியலில் வளரிளம் பருவப் பாடம் வந்தால், "வீட்டில் போய்ப் படித்துக்கொள்ளுங்கள்" என்று பக்கத்தைத் திருப்பிவிடுவது பல பள்ளிகளில் வழக்கம். என்னிடம் படித்தவர்களுக்குத் தெரியும், நான் நடத்தினேன். கடைசி பெஞ்சில் எழுந்த சிரிப்பும் ஞாபகம் இருக்கிறது. அன்றைக்குச் சிரித்தவர்களில் பலருக்கு இன்று முப்பது, முப்பத்தைந்து வயது. இப்போது சிரிப்பதில்லை. ரிப்போர்ட்டைப் போட்டோ எடுத்து ராத்திரி பதினோரு மணிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். "சார், இதைப் பார்த்துட்டு டெலீட் பண்ணிடுங்க."

அனுப்புகிறவர்கள் எல்லாரையும் கலங்கடிப்பது ஒரே வரிதான். "மார்ஃபாலஜி: நார்மல் 3%, அப்நார்மல் 97%." அதற்குக் கீழே தடித்த எழுத்தில் ஒரு வார்த்தை, டெரட்டோஸூஸ்பெர்மியா. 35 வாங்கினால்தான் பாஸ் என்று பழக்கிவிட்ட பிள்ளைகளிடம் 3 என்று எழுதிக் கொடுத்தால் என்ன ஆவார்கள்? ஒருவன் பெண்டாட்டியிடம்கூடக் காட்டாமல் இரண்டு மாதம் பர்ஸில் மடித்து வைத்திருந்தான்.

அந்த வார்த்தையில் வரும் 'டெராஸ்' கிரேக்கச் சொல். அதற்கு அரக்கன், விகாரப் பிறவி என்று பொருள். ஒரு மனிதனுடைய ரிப்போர்ட்டில் எழுத இதைவிடக் கொடுமையான சொல் கிடைக்காது.

சரி, அந்த 3 எதற்கு எதிரே நிற்கிறது? ரிப்போர்ட்டின் ஓரத்தில் பாருங்கள். "4%க்கு மேல் இருந்தால் நார்மல்" என்று இருக்கும். 1980ல் இதே இடத்தில் இருந்த எண் 80. எண்பது எப்படி நாலு ஆனது? நாற்பது வருஷத்தில் உலகத்து ஆண்களெல்லாம் கெட்டுப்போனார்களா? இல்லை. விந்தணுவின் எண்ணிக்கை குறைந்து வருகிறதா என்பது தனி விவாதம், அதை இதோடு குழப்பக் கூடாது. வடிவத்தைப் பொறுத்தவரை மாறியது அளவுகோல். அது எப்படி மாறியது என்பதுதான் இன்றைய பாடம்.

ஹாலந்து நாட்டின் டெல்ஃப்ட் நகரத்தில் இருந்து தொடங்குவோம். ஆண்டனி வான் லீவன்ஹாக், துணி வியாபாரி. கல்லூரி வாசலை மிதிக்காதவர், லத்தீன் தெரியாதவர். தானே லென்ஸ் தேய்த்து, கிடைத்ததையெல்லாம் அதன் வழியாகப் பார்த்தவர். பாக்டீரியாவைக் கண்டவர் என்று நாம் படித்த அதே ஆள்தான். 1677ல் லைடன் நகரத்திலிருந்து யோஹான் ஹாம் என்ற மருத்துவ மாணவர் ஒரு சிறு கண்ணாடிக் குப்பியோடு அவரிடம் வந்தார். உள்ளே வெட்டை நோய் கண்ட ஒருவரின் விந்து. அதில் வால் முளைத்த சின்னச் சின்ன உயிர்கள் நெளிவதைத் தான் பார்த்ததாகச் சொன்னார் ஹாம். நோயால் அழுகிப் பிறந்த பூச்சிகள் என்று அவர் நினைத்தார்.

இதைக் கவனியுங்கள். மனிதன் முதன்முதலாக விந்தணுவைப் பார்த்த அன்றே அதை நோய் என்றுதான் நினைத்தான்.

லீவன்ஹாக் அதோடு விடவில்லை. நோயில்லாத மனிதனின் விந்தைப் பார்க்க வேண்டும் என்று தன்னுடையதையே எடுத்துப் பார்த்தார். அதிலும் லட்சக்கணக்கில் நீந்தின. ஆக, இது நோயில்லை. அந்த வருஷம் நவம்பரில் லண்டன் ராயல் சொசைட்டியின் தலைவருக்குக் கடிதம் எழுதினார். அந்தக் கடிதத்தில் ஒரு கூச்சம் தெரியும். பாவமான வழியில் எடுத்ததில்லை, தாம்பத்தியத்தின் மிச்சம்தான் என்று விளக்கம் சொல்கிறார். அறிஞர்களுக்கு அருவருப்பாகப் பட்டால் வெளியிட வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறார். அவர்கள் 1679ல் அச்சிட்டார்கள். நாமோ இன்னும் டெலீட் பண்ணச் சொல்கிறோம்!

கண்ணால் பார்த்துவிட்டார்கள், ஆனால் அது என்ன செய்கிறது என்று புரிய அடுத்து இருநூறு வருஷம் பிடித்தது. 1694ல் ஹார்ட்சூகர் என்பவர் விந்தணுவின் தலைக்குள் முழங்காலைக் கட்டி உட்கார்ந்திருக்கும் குட்டி மனிதனை வரைந்தார். பார்த்ததாக அவர் சொல்லவில்லை, பார்க்க முடிந்தால் இப்படி இருக்கலாம் என்றுதான் சொன்னார். படம் மட்டும் உலகமெல்லாம் சுற்றியது. இத்தாலியப் பாதிரியார் ஸ்பல்லான்சானி ஆண் தவளைகளுக்குப் பட்டுத் துணியில் கால்சட்டை தைத்துப் போட்டு (சிரிக்காதீர்கள், நிஜம்) விந்து படாத முட்டை பொரிக்காது என்று நிரூபித்தார். விந்தை வடிகட்டிப் பார்த்து, வடிந்த நீருக்குச் சக்தி இல்லை, வடிதாளில் தங்கியதற்குத்தான் இருக்கிறது என்றும் கண்டார். அப்படியும் அந்த வாலுள்ள உயிர்கள்தான் காரணம் என்று ஒப்புக்கொள்ள அவருக்கு மனம் வரவில்லை. 1827ல் 'ஸ்பெர்மட்டோசோவா' என்று பெயர் வைத்த வான் பேயர்கூட அவற்றை ஒட்டுண்ணிகள் என்றே எண்ணினார். 1876ல்தான் ஆஸ்கர் ஹெர்ட்விக் கடல் முள்ளெலியின் முட்டைக்குள் ஆண் உட்கருவும் பெண் உட்கருவும் ஒன்றாவதைப் பார்த்து எழுதினார்.

ஆக, பிள்ளை உண்டாக ஆண் பக்கத்திலிருந்து என்ன போய்ச் சேர வேண்டும் என்பது 1876லேயே தெளிவு. மைக்ரோஸ்கோப்பும் டாக்டர்களின் மேசையில் வந்துவிட்டது. பிள்ளை இல்லாத வீட்டில் முதலில் யாரைச் சோதித்திருக்க வேண்டும்? விந்தைச் சோதிப்பது ஐந்து நிமிட வேலை, கத்தி வேண்டாம், வலி இல்லை. ஆனால் உலகம் முழுக்க மேசையில் படுக்க வைத்தது மனைவியைத்தான். அமெரிக்க டாக்டர் மேரியன் சிம்ஸ் 1866ல் எழுதிய நூலில், கணவனின் விந்தில் உயிருள்ள அணுக்கள் இருக்கின்றனவா என்று பார்க்காமல் மனைவிக்கு வைத்தியம் செய்யக் கூடாது என்ற கருத்தைக் கொண்டுவந்தார். (இதே சிம்ஸ் முன்பு அடிமைப் பெண்களை மயக்க மருந்தில்லாமல் அறுத்துப் பரிசோதனை செய்தவர். வரலாற்றில் நல்லதைச் சொன்னவன் எல்லாம் நல்லவன் இல்லை.) அவர் சொன்னதைச் சக டாக்டர்கள் ரசிக்கவில்லை. 1913ல் நியூயார்க்கில் மாக்ஸ் ஹூனர் அதையே ஒரு முறையான சோதனையாக்கி நூல் எழுதிய பிறகும் பழக்கம் மெதுவாகத்தான் மாறியது.

நம் பாஷையையே பாருங்கள். மலடி என்ற சொல் தெருவில் புழங்குகிறது. மலடன் என்ற சொல்லும் அகராதியில் இருக்கிறது, ஆனால் குழாயடிச் சண்டையில் யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? அரசமரத்தைச் சுற்றிவிட்டு அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்தாளாம் என்று பழமொழி. சுற்றியது அவள், தொட்டுப் பார்த்ததும் அவள், கேலியும் அவளுக்குத்தான்.

எங்கள் குடும்பத்திலேயே அத்தை ஒருவர் உண்டு. பெயர் வேண்டாம், சொந்தக்காரர்களுக்குத் தெரியும். 1940களின் கடைசியில் நடந்தது. ஏழு வருஷம் பிள்ளை இல்லை என்று மாமாவுக்கு இரண்டாம் தாரம் கட்டி வைத்தார்கள். இரண்டாவதாக வந்தவருக்கும் பிள்ளை இல்லை. பிறகு இரண்டு பேரும் சேர்ந்தே அரசமரம் சுற்றினார்கள், சேர்ந்தே கோயில் மரத்தில் தொட்டில் கட்டினார்கள். மாமாவை ஒருநாள்கூட ஒரு டாக்டரிடமும் யாரும் கூட்டிப் போகவில்லை. அத்தை எண்பது வயது வரைக்கும் கல்யாண வீட்டில் ஆரத்தி எடுக்க முன்னால் வரமாட்டார். கூப்பிட்டாலும் வரமாட்டார்.

இனி வடிவத்துக்கு வருவோம்.

வடிவத்தை முதலில் ஒழுங்காக அளந்தவர்கள் மாட்டு டாக்டர்கள். காரணம் பணம். ஒரு மனிதனுக்குப் பிள்ளை இல்லையென்றால் மனைவியைக் குறை சொல்லலாம். பொலிகாளை ஒன்று வேலை செய்யவில்லையென்றால் ஐம்பது பசுக்களைக் குறை சொல்ல முடியாது, பண்ணையே நஷ்டப்படும். 1925ல் அமெரிக்காவில் வில்லியம்ஸ், சாவேஜ் என்ற இருவர் காளைகளின் விந்தணுத் தலைகளை அளந்து பார்த்தார்கள். நல்ல காளையில் தலைகள் ஏறக்குறைய ஒரே அளவு. சினை பிடிக்காத காளையில் அளவு தாறுமாறு. 1934ல் ஸ்வீடனில் நில்ஸ் லாகர்லோஃப் இதை இன்னும் விரிவாகச் செய்தார். கால்நடை மருத்துவத்தில் அவர் பெயர் இன்றும் பேசப்படுகிறது.

நியூயார்க்கில் மோன்ச் என்ற டாக்டர் இந்த மாட்டு அளவுகோலை எடுத்து மனிதர்கள் மேல் வைத்தார். ஹெலன் ஹோல்ட் என்பவரோடு சேர்ந்து 1931ல் வெளியிட்ட கட்டுரை. கோணல் தலைகள் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டினால் கருவளம் குறைவு, நாலில் ஒரு பங்கைத் தாண்டினால் மலட்டுத்தன்மை என்கிற அளவுக்குப் போனார்கள்.

இங்கேதான் ஒரு சிக்கல். காளை தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி எடுக்கப்பட்ட மிருகம். அதன் விந்தணு அச்சில் வார்த்தது போல இருக்கும். மனிதனுடையது அப்படி இல்லை. பெரிய தலை, சின்னத் தலை, கூம்புத் தலை, இரட்டை வால், வளைந்த கழுத்து என்று திருவிழாக் கூட்டம் மாதிரி இருக்கும். எந்த ஆரோக்கியமான அப்பாவின் விந்தை எடுத்துப் பார்த்தாலும் அப்படித்தான். கொரில்லாவுக்கும் ஏறக்குறைய இதே கதை. காளைக்குத் தைத்த சட்டையை மனிதனுக்கு மாட்டினால் தோள்பட்டையில் இடிக்கத்தானே செய்யும்?

அடுத்து வந்தவர் எனக்கு மிகவும் பிடித்த மனிதர், நியூயார்க் கார்னெல் மருத்துவக் கல்லூரியின் ஜான் மெக்லியாட். எதைச் சொல்வதற்கும் முன்னால் அப்பாக்களைப் பார்க்க வேண்டும் என்று நினைத்தவர். பிரசவத்துக்குக் காட்ட வந்த கர்ப்பிணிகளின் கணவர்கள் 1,000 பேர், பிள்ளை இல்லாத தம்பதிகளின் கணவர்கள் 1,000 பேர். இரு கூட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி எண்ணினார், கூடவே ரூத் கோல்ட் என்ற அம்மையார். 1951ல் முடிவுகள் வந்தன. மில்லிலிட்டருக்கு 2 கோடிக்கும் குறைவான விந்தணு உள்ளவர்கள் பிள்ளை இல்லாதவர்களில் 16%. அப்பாக்களில்? அவர்களிலும் 5% பேர் இருந்தார்கள்! குறைந்த எண்ணிக்கையோடும் அப்பா ஆனவர்கள். வடிவத்திலும் அதே போலத்தான். இரண்டு கூட்டத்துக்கும் வித்தியாசம் உண்டு, ஆனால் நடுவில் சுவர் இல்லை, ஒன்றோடொன்று கலந்து கிடந்தார்கள்.

மெக்லியாட் இன்னொன்றும் பார்த்தார். அம்மை, நிமோனியா காய்ச்சல் வந்தவர்களின் விந்து கெட்டுப்போய், சில வாரம், சில மாதத்தில் தானே தேறி வந்தது. ஒரு விந்தணு உருவாக ஏறக்குறைய இரண்டரை மாதம் ஆகும். ஆகவே இன்றைய ரிப்போர்ட்டில் தெரிவது இரண்டரை மாதத்துக்கு முந்தின உங்கள் உடம்பு. அப்போது டெங்கு வந்திருந்தால் அதுவும் அதில் தெரியும்.

மெக்லியாட் காலத்துக் கணக்கில், கண்ணுக்குப் பளிச்சென்று கோணலாகத் தெரிகிறதை மட்டும்தான் தள்ளினார்கள். அதனால் சாதாரண அப்பா ஒருவருக்கு 80% 'நார்மல்' வந்தது. உலகச் சுகாதார நிறுவனம் 1980ல் முதல் கையேடு போட்டபோது அந்த எண்பதுதான் ஏறியது. 1987ல் அது 50. 1992ல் 30. 1999ல் உறுதியான எல்லை எதுவும் சொல்லவில்லை, 15%க்குக் கீழே போனால் சோதனைக் குழாயில் கருவுறுவது குறைகிறது என்று மட்டும் குறித்தார்கள். 2010ல் 4. 2021ன் ஆறாம் பதிப்பிலும் 4.

நடுவில் என்ன நடந்தது? தென்னாப்பிரிக்காவில் கேப் டவுன் பக்கத்து டைகர்பெர்க் மருத்துவமனையில் தீனஸ் குரூகர், ரூலோஃப் மென்க்வெல்ட் என்று இரண்டு பேர். அவர்கள் யோசித்தது இப்படி: இவ்வளவு விதமான வடிவங்களில் எதை 'சரியானது' என்று வைப்பது? கருப்பை வாயில் கெட்டியான ஒரு சளி உண்டு. தாம்பத்தியத்துக்குப் பிறகு அந்தச் சளியைத் தாண்டி மேலே ஏறிய விந்தணுக்களை எடுத்துப் பார்த்தால், அவை பெரும்பாலும் ஒரே மாதிரி அழகாக இருந்தன. முட்டை வடிவத் தலை, 4 முதல் 5 மைக்ரோமீட்டர் நீளம் (ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்காக்கினால் அதில் நாலைந்து பங்கு), தலையில் பாதியளவுக்கு அக்ரோசோம் என்னும் தொப்பி, நேரான கழுத்து, ஒற்றை வால். இதுதான் மாதிரி என்று வைத்தார்கள். அத்தோடு ஒரு கறாரான விதி: கொஞ்சம் சந்தேகமாக இருந்தாலே அது அப்நார்மல்.

இரட்டை வரி நோட்டை நினைத்துக்கொள்ளுங்கள். வாசிக்கவே முடியாத எழுத்துக்கு மட்டும் மார்க்கைக் குறைத்தால் வகுப்பில் எல்லாரும் 80 வாங்குவீர்கள். அச்சு எழுத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒரு சுழி வரியைத் தொட்டாலும் தப்பு என்று நான் திருத்தினால் என் கையெழுத்துக்கே 4 வராது. நோட்டு அதே நோட்டு. திருத்துகிற வாத்தியார் மாறிவிட்டார்.

குரூகர் அமெரிக்காவின் நார்ஃபோக் நகரத்துச் சோதனைக் குழாய் குழந்தை மையத்தோடு சேர்ந்து 1986லும் 1988லும் முடிவுகளை வெளியிட்டார். புதிய கறார் கணக்கில் 14%க்கு மேல் இருந்தால் கண்ணாடித் தட்டில் முட்டைகள் நன்றாகக் கருவுறுகின்றன. 4 முதல் 14 வரை இருந்தால் 63.9% முட்டைகள். 4க்குக் கீழே போனால் 7.6% மட்டும். பெரிய வித்தியாசம்தான், மறுக்க முடியாது. அதற்குப் பிறகு உலகத்து லேப்களில் எல்லாம் 'குரூகர்' என்ற பெயர் நுழைந்துவிட்டது. உங்கள் ரிப்போர்ட்டிலும் "ஸ்ட்ரிக்ட் கிரைட்டீரியா" என்று இருந்தால் அது இவர்தான்.

ஆனால் அவர் பார்த்தது கண்ணாடித் தட்டு. வருஷக்கணக்கில் பிள்ளை இல்லாமல் அந்த மையம் வரை வந்துவிட்ட தம்பதிகள். அந்த 4 வேறு. 2010ல் உலகச் சுகாதார நிறுவனம் போட்ட 4 வேறு. இரண்டும் ஒரே எண்ணாக அமைந்தது குழப்பத்துக்கு வசதியாகிவிட்டது.

2010ன் 4 எப்படி வந்தது என்று கேளுங்கள். ஒரு வருஷத்துக்குள் மனைவி கர்ப்பமான ஆண்கள் சுமார் 1,900 பேரின் விந்தைப் பல நாடுகளில் இருந்து சேகரித்து, வரிசையாக நிற்க வைத்தார்கள். குறைவானவர் முதலில், அதிகமானவர் கடைசியில். நூறு பேர் என்று வைத்துக்கொண்டால் முன்னாலிருந்து ஐந்தாவதாக நிற்பவர் இருக்கும் இடத்தில் ஒரு கோடு. அந்தக் கோடுதான் 4%. இப்போது சொல்லுங்கள், அந்தக் கோட்டுக்குக் கீழே நிற்கிற ஐந்து பேர் யார்?

அப்பாக்கள். அவர்களும் ஒரு வருஷத்துக்குள் அப்பா ஆனவர்கள்தான். கோட்டுக்குக் கீழே இருந்தால் மலடு, மேலே இருந்தால் வளம் என்று பிரிக்கிற கோடு இதுவல்ல என்று 2021 பதிப்பு தெளிவாகவே சொல்கிறது. அந்தப் பக்கம் ரிப்போர்ட்டோடு பிரிண்ட் ஆகி வருவதில்லை, அதுதான் பிரச்சினை.

இன்னொரு கணக்கு. நான் கணக்கும் எடுத்தவன் என்பதால் விடமாட்டேன். லேபில் வழக்கமாக எண்ணுவது 200 விந்தணுக்கள். 4% என்றால் 8. இருநூறு அரிசியைக் கையில் அள்ளி எத்தனை குருணை என்று எண்ணுவது போல. அடுத்த பிடி அள்ளினால் அதே மூட்டையில் 4ம் வரலாம், 14ம் வரலாம். அதாவது உண்மையில் 4% உள்ள ஒருவருக்கு ரிப்போர்ட்டில் 2% முதல் 7% வரை எது வேண்டுமானாலும் வர வாய்ப்புண்டு. இது வெறும் எண்ணிக்கைப் பிசகு. எண்ணுகிறவரின் கண் ஆளுக்கு ஆள் மாறுவது தனி. அதனால்தான் ஒரே ரிப்போர்ட்டை வைத்து முடிவு செய்யக் கூடாது, சில வாரம் விட்டு மறுபடி பார்க்க வேண்டும் என்பது.

இதையும் போடுங்கள். ஒருவருக்கு 3 மில்லிலிட்டர், மில்லிலிட்டருக்கு 4 கோடி என்றால் மொத்தம் 12 கோடி. அதில் 3% என்றால் 36 லட்சம். தேவை ஒன்று.

"அப்படியானால் வடிவத்துக்கு மதிப்பே இல்லையா சார்?" என்று கேட்பீர்கள். இருக்கிறது. 2001ல் அமெரிக்காவில் குஸிக் தலைமையில் 1,400க்கும் மேற்பட்ட ஆண்களை, பிள்ளை உள்ளவர்கள், இல்லாதவர்கள் என்று ஒப்பிட்டார்கள். எண்ணிக்கை, ஓட்டம், வடிவம் மூன்றில் வடிவம்தான் இரு கூட்டத்தையும் கொஞ்சம் நன்றாகப் பிரித்தது. ஆனால் அதே கட்டுரை, இந்த மூன்றில் எதை வைத்தும் ஒருவருக்குப் பிள்ளை பிறக்காது என்று அடித்துச் சொல்ல முடியாது என்றும் எழுதியது. 2017ல் வந்த ஒரு சிறிய அமெரிக்க ஆய்வில் 0% நார்மல் உள்ள ஆண்களிலேயே ஏறக்குறைய பத்தில் மூன்று பேர் எந்தச் சிகிச்சை உதவியும் இல்லாமல் அப்பா ஆனார்கள். ஒப்பிட்ட மற்ற ஆண்களில் பாதிக்குச் சற்று மேல். ஆக, பூஜ்யத்துக்கு ஒரு விலை இருக்கிறது. கதவு சாத்தவில்லை, கொஞ்சம் ஒடுங்கியிருக்கிறது.

நிஜமாகவே கதவு சாத்திய வகைகளும் உண்டு. அவை அபூர்வம். நூற்றுக்கு நூறு விந்தணுவும் ஒரே மாதிரிக் கோணலாக இருக்கும். எல்லாத் தலையும் உருண்டை, தொப்பியே இல்லை என்பது ஒரு வகை. தொப்பி இல்லாமல் முட்டைக்குள் நுழைய முடியாது. 2011ல் இதற்குக் காரணமான மரபணுக் குறை ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது. எல்லாத் தலையும் பெருத்து, வால் பலவாக இருப்பது இன்னொரு வகை, அதன் மரபணு 2007ல் தெரிந்தது. இவை பிறவியிலேயே வருபவை. இங்கே மைக்ரோஸ்கோப் சொல்வதுதான் தீர்ப்பு, மேற்கொண்டு மரபணு டாக்டரிடம் போக வேண்டும். இவற்றுக்கும், பலவிதக் கோணல் கலந்த உங்கள் 97%க்கும் சம்பந்தம் இல்லை.

1992ல் பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸில் ஜியான்பியரோ பலேர்மோவும் கூட்டாளிகளும் ஒரே ஒரு விந்தணுவை ஊசியால் எடுத்து முட்டைக்குள் செலுத்திக் குழந்தை பிறந்ததை அறிவித்தார்கள். இக்ஸி என்று பேர். எண்ணிக்கை மிகக் குறைந்தவர்களுக்கு அது பெரிய வரம், சந்தேகமில்லை. ஆனால் 3% என்ற ஒரு வரியைக் காட்டி முதல் நாளே லட்சக்கணக்கில் பேக்கேஜ் பேசுகிற இடங்களும் இருக்கின்றன. என் பழைய மாணவி ஒருத்தியை அப்படித்தான் உட்கார வைத்தார்கள். எண்ணிக்கை சரி, ஓட்டம் சரி, கல்யாணமாகி எட்டு மாதம்தான் ஆகிறது. அவள் நகையை எடுத்துக்கொண்டு அடகுக் கடைக்குப் போவதற்கு முன் என்னைக் கூப்பிட்டாள். இன்னொரு டாக்டரிடம் கேள் என்றுதான் சொன்னேன், வேறெதுவும் சொல்ல எனக்குத் தகுதி இல்லை.

பஸ் ஸ்டாண்ட் சுவரில் ஒட்டியிருக்கிற "மாதம் ஒருமுறை இந்த லாட்ஜில் சந்திக்கலாம்" ஆசாமிகளைப் பற்றி எழுதினால் இன்னொரு பதிவு ஆகிவிடும். ஒன்று மட்டும் சொல்கிறேன். ஜிம்மில் உடம்பு ஏற்ற டெஸ்டோஸ்டீரோன் ஊசி போடுகிற தம்பிகளே, அந்த ஊசி விந்தணு உற்பத்தியை அடக்கிவிடும், சிலருக்கு அடியோடு நின்றே போகும். ஆண்மைக்கு என்று சொல்லி விற்கிற பொருள் அப்பா ஆவதைத் தடுக்கிறது. பீடி, சிகரெட் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. விரையில் நரம்பு புடைத்துக்கொள்கிற வேரிகோசில் இருந்தால் அதற்கு வைத்தியம் உண்டு. மெக்லியாட் 1965லேயே அந்த நோயாளிகளின் விந்தில் கூம்புத் தலைகள் கூடுவதைக் குறித்து வைத்தார்.

கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகியும் தங்கவில்லை என்றால் (பெண்ணுக்கு 35 வயது தாண்டியிருந்தால் ஆறு மாதம்) இரண்டு பேரும் ஒன்றாகப் போங்கள். ஒரே நாளில், ஒரே ஆட்டோவில். மாமியார்களே, இந்த வரியை இரண்டு தடவை படியுங்கள்.

சந்தேகம் உள்ளவர்கள் இன்பாக்ஸில் கேளுங்கள், யார் கேட்டார்கள் என்று வெளியே போகாது. மருந்துப் பெயர் மட்டும் கேட்காதீர்கள், நான் டாக்டர் இல்லை, வாத்தியார். அடுத்த ஞாயிறு பொலிகாளை விந்தை உறைய வைக்கக் கற்றுக்கொண்ட கதை. 1949ல் இங்கிலாந்தில் கிளிசரின் பாட்டில் ஒன்றில் ஆரம்பிக்கிறது அது.